சாவி சரிதான், சர்வர் ஏன் மறுக்கிறது? எஸ்எஸ்எச் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழிதான் எஸ்எஸ்எச். அதில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு சாவி ஜோடியைப் பயன்படுத்தலாம்: பிரைவேட் கீ நம்மிடம் ரகசியமாக இருக்கும், பப்ளிக் கீ சர்வரில் இருக்கும். சர்வர் உள்ளே விடவில்லை என்றதும் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பழைய சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறோம். தயவுசெய்து அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். சாவி தானாகக் கெட்டுப்போவதில்லை. அதை வாங்கி வைப்பதும், யாருடையது என்று குறித்துக்கொள்வதும், ஆள் வரும்போது ஒப்பிட்டுப் பார்ப்பதும் சர்வரில் ஓடும் மென்பொருள். கோளாறு பெரும்பாலும் அந்த மூன்று வேலைகளில் ஒன்றில்தான் இருக்கும். புதுச் சாவி போட்டால் அன்றைக்கு வேலை நடந்துவிடும், கோளாறு மட்டும் அப்படியே உள்ளே கிடக்கும்.

இதை மொரீசியஸில் சின்ன அளவில் சர்வர் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எபேனில் பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகமாக இருக்கலாம், கோவில் வகுப்புகளின் தமிழ்ப் பாடக் கோப்புகளை, மாற்றங்களையும் சேர்த்துப் பதிந்துவைக்கும் ஒரு கிட் சர்வரில் வைத்திருக்கும் தன்னார்வலர்களாக இருக்கலாம். இங்கே சர்வரைப் பார்த்துக்கொள்பவர் ஒருவரோ இருவரோதான். புயல் காலத்தில் மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் அலுவலகம் மூடிவிடும், எல்லோரும் வீட்டிலிருந்துதான் உள்ளே நுழைய வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடியதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஒரு நாளில் சர்வர் அருகே ஆளை அனுப்பிக் கீபோர்டைத் தட்டச் சொல்ல முடியாது. அதனால் கீழே உள்ளவற்றை வெயில் அடிக்கும் ஒரு நாளிலேயே பார்த்து வைத்துவிடுவது நல்லது.

கட்டளைகளையும் செய்திகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அவற்றை வழக்கமாக உச்சரிக்கும் விதத்திலேயே எழுதியிருப்பதால் அடையாளம் கண்டுகொள்வது சிரமமாக இருக்காது.

எந்த அறிகுறியானாலும் முதலில் கைரேகை

ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை உண்டு. எஸ்எச்ஏ256 என்று தொடங்கும், அதன் பிறகு 43 எழுத்துகள் வரும். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்குச் சின்ன எல், சின்ன எஃப் இரண்டையும் கொடுத்து, பப்ளிக் கீ கோப்பின் பெயரையும் கொடுத்தால் அது திரையில் வந்துவிடும். யார் யாரை உள்ளே விடலாம் என்ற சாவிப் பட்டியலாகச் சர்வரில் உள்ள ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒரு வரிக்கு ஒன்றாக எல்லாச் சாவிகளின் கைரேகையும் வரும்.

மூன்று இடத்தில் கைரேகையைப் பாருங்கள்: பயனரின் கணினியில், சர்வர் சேமித்து வைத்திருக்கும் இடத்தில், சர்வரின் லாக்கில் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவேடு). எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு. பழைய மென்பொருள் சில, இரண்டிரண்டு எழுத்தாகப் பதினாறு ஜோடி போட்டு, நடுவில் முக்காற்புள்ளி வைத்துக் காட்டும். அது எம்டி5 முறை. பெரும்பாலான சர்வர்களில் ஓடும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச், 2015-இல் வந்த 6.8 பதிப்பிலிருந்து எஸ்எச்ஏ256-க்கு மாறிவிட்டது. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் அதே கட்டளையோடு பெரிய ஈ போட்டு எம்டி5 என்று கேளுங்கள். வேறு வேறு முறையில் வந்த கைரேகைகளை வைத்துக்கொண்டு சாவி மாறிவிட்டது என்று பதறுபவர்கள் நிறைய.

லாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே விட்ட சாவியின் கைரேகையை ஓபன்எஸ்எஸ்எச் சாதாரணமாகவே எழுதிவைக்கும். மறுத்த சாவியின் கைரேகை வேண்டுமானால் லாக்லெவலை வெர்போஸ் ஆக்க வேண்டும். அந்த ஒரு வரியை இன்றே மாற்றிவிடுங்கள். சர்வர் யூடிசி நேரத்தில் ஓடினால் நம் நேரம் அதைவிட நான்கு மணி முன்னே, சென்னையில் இருக்கும் கூட்டாளிக்கு ஐந்தரை மணி முன்னே. "பத்து மணிக்கு முயன்றேன்" என்று ஒருவர் சொன்னால் எந்த ஊர்ப் பத்து மணி என்று கேட்டுவிட்டு லாக்கைத் திறங்கள்.

பயனர் பக்கத்தில், எஸ்எஸ்எச் கட்டளையோடு சின்ன வீ மூன்று சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். கொட்டும் வரிகளில் இரண்டைத் தேடினால் போதும். "ஆஃபரிங் பப்ளிக் கீ" என்பது, இந்தச் சாவி செல்லுமா என்று கணினி கேட்டது. "சர்வர் அக்செப்ட்ஸ் கீ" என்பது, செல்லும், இனி கையெழுத்துப் போடு என்று சர்வர் சொன்னது. முதல் வரி இருந்து இரண்டாவது இல்லையென்றால் சர்வருக்கு அந்தச் சாவியைத் தெரியவில்லை அல்லது பிடிக்கவில்லை. இரண்டும் இருந்து பிறகும் வெளியே தள்ளினால், கையெழுத்திலோ கணக்கின் நிலையிலோ சிக்கல். இந்த ஒரு பிரிவினையே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: "இப்போதுதான் கீ சேர்த்தேன், பெர்மிஷன் டினைட் என்கிறது"

இது அடிக்கடி வருவது, காரணமும் பல. ஒட்டிய சாவியிலிருந்து தொடங்குங்கள். "அண்ணா, அப்படியே காப்பி பண்ணித்தான் போட்டேன்" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் காப்பி செய்தது வாட்ஸ்அப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ இருக்கும், வழியில் நீண்ட வரி உடைந்திருக்கும். ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பில் ஒரு சாவி ஒரே வரியில் இருந்தாக வேண்டும். நல்ல மென்பொருள் உடைந்த சாவியைப் பார்த்ததும் மறுத்துவிடும். சில கட்டுப்பாட்டுப் பலகைகள் எதையும் சோதிக்காமல் வாங்கிக்கொண்டு "சேமித்தாயிற்று" என்று பச்சை நிறத்தில் காட்டிவிடும்.

நீளத்தை எண்ணிப் பார்ப்பது எளிய சோதனை. சாவியின் நடுப்பகுதி நான்கு பெரிய ஏ எழுத்துகளோடு தொடங்கும். ஈடி25519 வகைச் சாவியில் அந்தப் பகுதி 68 எழுத்து. 2048 பிட் ஆர்எஸ்ஏ என்றால் 372, 4096 பிட் என்றால் 716. மென்பொருளின் டேட்டாபேஸில் அந்த இடத்துக்கு 512 எழுத்துதான் ஒதுக்கியிருந்தால், 2048 சாவி நன்றாகச் சேரும், 4096 சாவியின் வால் மட்டும் சத்தமில்லாமல் வெட்டுப்படும். "சிலருக்கு மட்டும் வேலை செய்யவில்லை" என்ற புகார் வந்தால் அந்தச் சிலரின் சாவி நீளத்தை முதலில் கேளுங்கள்.

விண்டோஸில் புட்டிஜென் கொண்டு சாவி உருவாக்கியவர்கள் "சேவ் பப்ளிக் கீ" பொத்தானை அழுத்தினால் வருவது வேறு வடிவம். "பிகின் எஸ்எஸ்எச்2 பப்ளிக் கீ" என்ற தலைப்போடு பல வரியாக இருக்கும். ஓபன்எஸ்எஸ்எச் அதை நேராகப் படிக்காது. புட்டிஜென் சன்னலின் மேல் பெட்டியில் ஒரே வரியாகத் தெரிவதைத்தான் எடுக்க வேண்டும். கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் சின்ன ஐ போட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒட்டிய பெட்டியில் "பிரைவேட் கீ" என்ற சொல் தெரிந்தால் நிறுத்துங்கள். அந்தச் சாவி இனி ரகசியம் இல்லை. மென்பொருள் அதை மறுத்திருந்தாலும் வெப் சர்வரின் லாக்கிலோ பேக்கப்பிலோ போயிருக்கலாம். இந்த ஒரு நேரத்தில் புதுச் சாவி போடுவதுதான் சரி.

சாவி ஒழுங்காக இருந்தால் அடுத்தது கோப்புகளின் பெர்மிஷன். ஓபன்எஸ்எஸ்எச்சில் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே போட்டிருக்கும். பயனரின் ஹோம் டைரக்டரி, அதனுள் எஸ்எஸ்எச் டைரக்டரி, அதனுள் சாவிக் கோப்பு ஆகிய மூன்றில் எதிலாவது மற்றவர்கள் எழுத முடியும் என்றால் அது சாவியைப் பார்க்கவே மறுத்துவிடும். லாக்கில் "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று வரும், பயனருக்கு ஒன்றும் தெரியாது. கோப்புகளை ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று ஹோம் டைரக்டரியை 777 ஆக்கிவிடும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் இதற்கு முக்கியக் காரணம். பேக்கப்பிலிருந்து மீட்டபோது எல்லாக் கோப்பும் ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்கின் பெயரில் 600 பெர்மிஷனோடு வந்து, பயனரால் தன் சாவிக் கோப்பையே படிக்க முடியாமல் போவதும் உண்டு. எஸ்எஸ்எச் டைரக்டரிக்கு 700, சாவிக் கோப்புக்கு 600, உரிமையாளர் அந்தப் பயனர், ஹோம் டைரக்டரியில் குழுவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதும் உரிமை இல்லை. இவ்வளவுதான். ஸ்ட்ரிக்ட்மோட்ஸை அணைத்துவிட்டால் உடனே வேலை செய்யும், அதைச் செய்யாதீர்கள். அடுத்தவர் உங்கள் கோப்பில் தன் சாவியை எழுதிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிடுவது அது.

ரெட்ஹேட் குடும்ப லினக்ஸில் பெர்மிஷன் எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு கோப்புக்கு வைக்கும் முத்திரை மாறியிருக்கும். ஹோம் டைரக்டரியை வேறு டிஸ்குக்கு நகர்த்தியிருப்பார்கள். ரெஸ்டோர்கான் கட்டளை அதைச் சரிசெய்யும்.

அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதியது ஒன்று, சர்வர் படித்தது வேறு என்பதும் நடக்கும். ஓபன்எஸ்எஸ்எச்சின் சர்வர் பகுதியான எஸ்எஸ்எச்டியின் அமைப்பில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தால் முதலில் வருவதுதான் செல்லும். டெபியனிலும் உபுண்டுவிலும் தனிக் கோப்புகளைச் சேர்க்கும் வரி கோப்பின் மேலேயே இருக்கிறது. அதனால் வேறொரு மென்பொருள் அந்த டைரக்டரியில் போட்டுவைத்த சின்னக் கோப்பு, நீங்கள் கீழே பார்த்துப் பார்த்து எழுதியதை அடித்துவிடும். எஸ்எஸ்எச்டியைப் பெரிய டீ கொடுத்து ஓட்டினால், கடைசியில் எது செல்லும் என்று முழுப் பட்டியலாகக் கொடுக்கும். அதில் ஆதரைஸ்ட்கீஸ்ஃபைல், ஆதரைஸ்ட்கீஸ்கமாண்ட் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். சாவியைக் கோப்பிலிருந்து எடுக்காமல் ஒரு நிரலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு இரண்டாவது. அந்த நிரல் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுத முடியக் கூடாது. இல்லையென்றால் எஸ்எஸ்எச்டி அதை ஓட்டவே மாட்டாது.

அறிகுறி: "நேற்று வரை வேலை செய்தது, அப்டேட் போட்ட பிறகு இல்லை"

ஆர்எஸ்ஏ சாவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இப்படி என்றால் காரணத்தைக் கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். 2021 செப்டம்பரில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 8.8, எஸ்எச்ஏ1 கொண்டு போடும் ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. சாவி மாறவில்லை, கையெழுத்துப் போடும் முறைதான் மாறியது. அதே பழைய ஆர்எஸ்ஏ சாவியாலேயே எஸ்எச்ஏ2 முறையில் கையெழுத்துப் போடலாம். ஓபன்எஸ்எஸ்எச் 2016-இல் வந்த 7.2 முதலே அதை அறியும். ஆகவே சிக்கல் எப்போதும் ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்ற இடத்தில்தான்.

சர்வர் புதிது, பயனரின் கருவி பழையது என்றால் சர்வர் லாக்கில் பப்கீஅக்செப்டட்ஆல்கரிதம்ஸ் பட்டியலில் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ இல்லை என்று வரும். பழைய ஜாவா நூலகம் வைத்த பில்ட் கருவிகளிலும், வருடக்கணக்கில் புதுப்பிக்காத எஃப்டிபி கருவிகளிலும் இதைப் பார்க்கலாம். பயனர் புதிது, சர்வர் பழையது என்றால் பயனரின் திரையில் "நோ மியூச்சுவல் சிக்னேச்சர் ஆல்கரிதம்" என்று வரும்.

இரண்டாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில கிட் சர்வர் மென்பொருள்கள் ஓபன்எஸ்எஸ்எச்சை நம்பாமல் தங்களுக்குள்ளேயே ஒரு எஸ்எஸ்எச் சர்வரை வைத்திருக்கும். எந்தெந்தக் கையெழுத்து முறை தெரியும் என்று சர்வர் முன்கூட்டியே சொல்லும் வழக்கம் 2018-இல் ஆர்எஃப்சி 8308 என்ற இணைய விதி ஆவணம் மூலம் வந்தது. உள்ளே இருக்கும் அந்தச் சர்வர் அதைச் சொல்லத் தெரியாததாக இருந்தால், புதிய ஓபன்எஸ்எஸ்எச் ஆர்எஸ்ஏ சாவியை நீட்டுவதையே விட்டுவிடும். பயனரிடம் பழுது தேடிப் பயனில்லை, மென்பொருளைப் புதுப்பித்தால்தான் தீரும். அதுவரை அந்த ஒரு சர்வருக்கு மட்டும் பழைய முறையைப் பயனரின் கான்ஃபிக் கோப்பில் அனுமதிக்கலாம். எல்லாச் சர்வருக்கும் என்று நட்சத்திரக் குறி போட்டுத் திறந்துவிட வேண்டாம்.

டிஎஸ்ஏ சாவி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவருக்குப் புதுச் சாவிதான். 2015-இல் 7.0 பதிப்பு அதை இயல்பாக நிறுத்தியது, 2025-இல் 10.0 அடியோடு நீக்கிவிட்டது. பில்ட் கருவி ஒன்று "இன்வேலிட் பிரைவேட் கீ" என்று சொன்னால் அது வேறு கதை. 2018-இல் வந்த 7.8 முதல் பிரைவேட் கீ கோப்பின் இயல்பு வடிவம் மாறிவிட்டது, பழைய ஜாவா நூலகம் அதைப் படிக்காது. ஆர்எஸ்ஏ சாவியானால் எஸ்எஸ்எச்-கீஜென் கொண்டு பெம் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம். அதற்குமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், அந்தக் கட்டளை கோப்பை இருந்த இடத்திலேயே மாற்றி எழுதும்.

அறிகுறி: "டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்"

சாவிகளை வைத்திருந்து ஒவ்வொன்றாகச் சர்வரிடம் நீட்டும் நிரல் ஏஜென்ட். பயனரின் ஏஜென்டில் ஏழெட்டுச் சாவி இருக்கிறது. சரியானது வருவதற்குள் சர்வரின் பொறுமை தீர்ந்துவிட்டது. மேக்ஸ்ஆத்ட்ரைஸ் இயல்பாக 6. பயனரின் கான்ஃபிக்கில் அந்தச் சர்வருக்கு ஐடென்டிட்டிஃபைல் குறிப்பிட்டு, ஐடென்டிட்டீஸ்ஒன்லி என்பதற்கு யெஸ் போட்டால் முடிந்தது. சர்வர் பக்கம் எண்ணைக் கூட்ட வேண்டாம்.

அறிகுறி: "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ட்" என்று ஒவ்வொரு அப்டேட்டுக்கும் வருகிறது

இது பயனரின் சாவி அல்ல, சர்வரின் சொந்தச் சாவி. டாக்கர் கன்டெய்னரில் ஓடும் மென்பொருள், ஹோஸ்ட் கீயைக் கன்டெய்னருக்கு உள்ளேயே வைத்திருந்தால் ஒவ்வொரு புதிய இமேஜுக்கும் புதிய அடையாளம் பிறக்கும். ஹோஸ்ட் கீ இருக்கும் டைரக்டரியை வெளியே ஒரு வால்யூமில் வையுங்கள். எச்சரிக்கை வந்தால் பழைய வரியை அழித்துவிட்டு யெஸ் என்று தட்டு என்று பயனர்களைப் பழக்கிவிட்டால், உண்மையிலேயே நடுவில் ஒருவன் நுழையும் நாளிலும் அதையேதான் செய்வார்கள். சில நேரம் மாற்றம் நியாயமானதாகவே இருக்கும். 2023 மார்ச்சில் கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீ ஒரு பொது ரெபாசிட்டரியில் (கிட் கோப்புத் தொகுப்பில்) சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால் அதை மாற்றியது, புதிய கைரேகையையும் அறிவித்தது. அப்படி அறிவித்த கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே யெஸ் தட்ட வேண்டும். உங்கள் சர்வருக்கும் கைரேகையை எழுதி எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.

அறிகுறி: உள்ளே விடுகிறது, ஆனால் வேறொருவர் பெயரில்

மேலே சொன்னவை எல்லாம் தொந்தரவு. இது ஆபத்து. உள்ளே விடாத சர்வரால் ஒரு நாள் வேலை கெடும். மாலினியைத் தேவன் என்று நினைத்து உள்ளே விடும் சர்வரை நம்பி எதையுமே வைக்க முடியாது. இந்த அறிகுறி தெரிந்தால் காரணம் தெரியும்வரை எழுதும் அனுமதியை நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலான கிட் சர்வர்களில் எல்லோரும் கிட் என்ற ஒரே பயனர் பெயரில்தான் வருவார்கள். யார் வந்தது என்று சொல்வது சாவி மட்டுமே. கிட் சர்வர் மென்பொருள்களான கிட்லாபும் கிட்டீயும் ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பில் ஒவ்வொரு சாவிக்கும் முன்னால் ஒரு கட்டளையை எழுதிவைக்கும். அதில் கீ-13 என்பது போல ஒரு எண் இருக்கும். அந்தச் சாவியோடு வந்தால் எஸ்எஸ்எச்டி அந்தக் கட்டளையை ஓட்டும், மென்பொருள் 13 என்ற எண்ணை டேட்டாபேஸில் தேடி ஆளைக் கண்டுபிடிக்கும். சாவியை ஒப்பிடுவது ஒரு இடம், ஆளை முடிவு செய்வது வேறு இடம். நடுவில் பாலமாக இருப்பது அந்த எண் ஒன்றுதான்.

இப்போது டிஸ்க் பழுதாகி டேட்டாபேஸை முந்தைய வாரப் பேக்கப்பிலிருந்து மீட்டதாக வைத்துக்கொள்வோம். மாலினி போன வாரம் சேர்த்த சாவிக்கு எண் 13. பேக்கப்பில் 12 வரைதான் இருக்கிறது. ஆனால் ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பு வேறு டிஸ்கில் இருந்ததால் அது புதியதாகவே இருக்கிறது, அதில் மாலினியின் வரியும் இருக்கிறது. மறுநாள் தேவன் ஒரு சாவி சேர்க்கிறார். டேட்டாபேஸ் அதற்கு 13 என்று எண் கொடுக்கிறது. இனி மாலினி வந்தால் அவள் வரி 13-ஐக் காட்டும், மென்பொருள் தேவன் என்று முடிவு செய்யும். லாக்கில் ஒரு பிழையும் இருக்காது. தேவன் மட்டுமே பார்க்கும் ரெபாசிட்டரியெல்லாம் மாலினிக்குத் திறக்கும்.

கண்டுபிடிக்க, அந்தக் கோப்பில் ஒரே எண் இரண்டு வரிகளில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் கோப்பில் உள்ள கைரேகையும் டேட்டாபேஸில் உள்ள கைரேகையும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். தீர்வு, கோப்பை முழுவதும் டேட்டாபேஸிலிருந்து புதிதாக எழுதச் செய்வது. இரண்டு மென்பொருளிலும் அதற்கென்று நிர்வாகக் கட்டளை இருக்கிறது. மென்பொருள் தனக்குச் சொந்தமில்லை என்று நினைக்கும் வரிகளை விட்டுவைக்கக்கூடும், அதனால் பழைய கோப்பை நகர்த்தி வைத்துவிட்டு வெறுமையிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பேக்கப் மீட்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

இரண்டு கணக்கு வைத்திருக்கும் ஒரே ஆள், தவறான கணக்கில் நுழைவதும் உண்டு. அது பெரும்பாலும் ஏஜென்ட் சாவிகளை நீட்டும் வரிசையால் வருவது. கிட் சர்வரை எஸ்எஸ்எச் கொண்டு பெரிய டீ கொடுத்துத் தொட்டால், யாராகத் தெரிகிறோம் என்று ஒரு வரியில் வணக்கம் சொல்லிவிட்டு மூடிவிடும். ஐடென்டிட்டீஸ்ஒன்லி போட்டு ஒவ்வொரு சாவியாகச் சோதித்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது காரணம், எந்த அறிகுறியும் காட்டாதது. 2024 டிசம்பரில் கோ மொழியின் எக்ஸ்/கிரிப்டோ எஸ்எஸ்எச் நூலகம் பற்றி சிவிஈ-2024-45337 என்ற எண்ணில் (பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) ஓர் எச்சரிக்கை வந்தது. நூலகத்தைவிட, அதைப் பல மென்பொருள்கள் பயன்படுத்திய விதம்தான் அங்கே சிக்கல். நான் மேலே சொன்ன இரண்டு வரிகளை நினைவில் வையுங்கள். "இந்தச் சாவி செல்லுமா" என்ற கேள்விக்குப் பிரைவேட் கீ கையில் இருக்க வேண்டியதில்லை, பப்ளிக் கீ தெரிந்தால் போதும். எஸ்எஸ்எச் விதிகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. கோ நூலகம் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மென்பொருளின் ஒரு ஃபங்ஷனை அழைக்கும். சில மென்பொருள்கள் அந்த ஃபங்ஷனுக்கு உள்ளேயே, "வந்திருப்பவர் இன்னார்" என்று எழுதிவைத்துக்கொண்டன.

ஒருவன் முதலில் தன் சாவியைப் பற்றிக் கேட்கிறான், செல்லும் என்று பதில் வருகிறது. பிறகு தேவனின் பப்ளிக் கீயைப் பற்றிக் கேட்கிறான், அதுவும் செல்லும். மென்பொருள் கடைசியாக எழுதியது தேவனின் பெயர். இப்போது அவன் தன் சொந்தச் சாவியால் கையெழுத்துப் போடுகிறான். அதற்கான பதில் ஏற்கனவே நினைவில் இருப்பதால் நூலகம் ஃபங்ஷனை மறுபடி அழைப்பதில்லை. கையெழுத்து சரி, உள்ளே விடு. பெயர் தேவன். பப்ளிக் கீ என்பது கிட்ஹப்பில் யாருடைய பெயரைத் தட்டினாலும் கிடைப்பது, அதில் ரகசியம் ஏதும் இல்லை.

நூலகத்தின் 0.31.0 பதிப்பில் இதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள், கிட்டீ, ஃபோர்ஜெஜோ போன்றவையும் திருத்தம் வெளியிட்டன. உள்ளே இருக்கும் எஸ்எஸ்எச் சர்வரைப் பயன்படுத்துபவர்களுக்குத்தான் இது பொருந்தும், ஓபன்எஸ்எஸ்எச் வழியாக ஓட்டுபவர்களுக்கு அல்ல. உங்கள் மென்பொருள் 2024 டிசம்பருக்கு முந்தையது என்றால் இந்தப் பக்கத்தை மூடுவதற்குமுன் புதுப்பியுங்கள். நீங்களே கோ மொழியில் எழுதிய சின்னக் கருவி இருந்தால், ஆளின் அடையாளத்தை அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் பெர்மிஷன்ஸின் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் வையுங்கள். வெளியே உள்ள வேரியபிளில் வைக்கக் கூடாது. வழக்கமான எஸ்எஸ்எச் கிளையன்ட் இந்த வரிசையில் கேட்காது என்பதால், நேர்மையான பயனர்கள் எத்தனை பேர் வந்துபோனாலும் இந்த ஓட்டை வெளியே தெரியாது.

சாவி சேர்க்கும் வெப் படிவத்திலும் இதே நோய் வரும். 2012 மார்ச்சில் கிட்ஹப்பில் ஒருவர், படிவத்தோடு வேறொருவரின் பயனர் எண்ணைச் சேர்த்து அனுப்பி, ரெயில்ஸ் திட்டத்தில் எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். அதன் பிறகு கிட்ஹப் எல்லோரையும் தங்கள் சாவிகளைச் சரிபார்க்கச் சொன்னது. உங்கள் ஆட்களையும் வருடத்துக்கு ஒருமுறை தங்கள் கணக்கில் உள்ள சாவிப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முந்தைய நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

அறிகுறி: நீக்கிய ஆள் இன்னும் உள்ளே வருகிறார்

வெப் பக்கத்தில் சாவியை அழித்தாயிற்று, பட்டியலில் இல்லை. ஆனால் லாக்கில் அதே கைரேகை வந்து போகிறது. பல இடங்களில் தேட வேண்டும்.

முதலில், அவர் இன்னும் வெளியே போகவே இல்லையா என்று பாருங்கள். எஸ்எஸ்எச்டி நுழையும்போது மட்டும்தான் சாவியைப் பார்க்கும். திறந்திருக்கும் இணைப்பு, சாவியை அழித்த பிறகும் அப்படியே ஓடும். கன்ட்ரோல்மாஸ்டர் போட்டிருந்தால் அந்த ஒரே இணைப்பின் மேல் புதுப்புது வேலைகளையும் ஓட்டலாம். அவருடைய புராசஸ்களை நிறுத்துங்கள்.

அடுத்து, ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பு உண்மையில் மாறியதா? டிஸ்க் நிறைந்திருந்தாலோ பெர்மிஷன் சிக்கலாலோ மென்பொருள் டேட்டாபேஸில் அழித்துவிட்டுக் கோப்பில் அழிக்க முடியாமல் போயிருக்கலாம். ஆதரைஸ்ட்_கீஸ்2 என்று இன்னொரு கோப்பையும் பாருங்கள், ஓபன்எஸ்எஸ்எச் இயல்பாகவே அதையும் படிக்கும், நிறையப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. கிளவுட் நிறுவனத்தின் ஏஜென்ட் ஒன்று சர்வரில் ஓடினால், நீங்கள் கையால் அழித்த வரியை அது திரும்ப எழுதிவிடும். மூலப் பட்டியல் அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும், அங்கே அழியுங்கள். ரெபாசிட்டரியில் டிப்ளாய் கீயாக (ஆளுக்கு அல்லாமல் ரெபாசிட்டரிக்கே கொடுக்கும் சாவி) அதே சாவி சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்வர் நம்பும் ஒரு மையச் சாவி பயனரின் சாவிக்குக் கையெழுத்திட்டுத் தரும் சர்ட்டிஃபிகேட் முறையைப் பயன்படுத்தினால் சாவிக் கோப்பில் அழிப்பதால் ஒன்றும் ஆகாது. சர்ட்டிஃபிகேட் காலாவதியாகும்வரை செல்லும். ரிவோக்ட்கீஸ் என்ற அமைப்பில் ஒரு கோப்பைக் காட்டி அதில் அந்தச் சாவியைச் சேர்க்க வேண்டும். சாதாரணச் சாவிக்கும் இது வேலை செய்யும் என்பதால், புயல் நாளில் வீட்டிலிருந்து அவசரமாக ஒருவரை நிறுத்த நான் முதலில் நாடுவது இதைத்தான். எந்த மூலையில் அந்தச் சாவி ஒளிந்திருந்தாலும் இங்கே தடுத்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தக் கோப்பை எஸ்எஸ்எச்டியால் படிக்க முடியாமல் போனால் எல்லோருடைய சாவியையும் மறுத்துவிடும். மாற்றிவிட்டு, இருக்கும் இணைப்பை மூடாமல் வேறு சன்னலில் நுழைந்து பார்த்த பிறகே வெளியே வாருங்கள்.

பாஸ்வேர்டைப் பூட்டியாயிற்றே என்று நினைத்து விட்டுவிடுவது பரவலான தவறு. பாம் (உள்நுழைவைச் சரிபார்க்கும் லினக்ஸ் பகுதி) வழியாக ஓடும் வழக்கமான லினக்ஸில் பாஸ்வேர்டைப் பூட்டினால் சாவி பூட்டப்படாது. கணக்கையே காலாவதியாக்க வேண்டும், சேஜ் கட்டளையில் பெரிய ஈ போட்டுப் பூஜ்யம் கொடுத்தால் அது நடக்கும்.

சாவியைச் செல்லாததாக்க வேண்டிய இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 2024 ஏப்ரலில் புட்டி என்ற எஸ்எஸ்எச் கருவியில் ஒரு கோளாறு வெளியானது, எண் சிவிஈ-2024-31497. 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில் பி-521 வகைச் சாவியால் சுமார் 60 கையெழுத்துப் போட்டாலே, அவற்றைப் பார்த்தவர் பிரைவேட் கீயைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். ஃபைல்சில்லா, வின்எஸ்சிபி, டார்டாய்ஸ்கிட் ஆகியவையும் அதே நிரலைப் பயன்படுத்தியதால் பாதிக்கப்பட்டன. கருவியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, அந்தச் சாவியே போய்விட்டது. சர்வரில் உள்ள பட்டியலில் நிஸ்ட்பி521 என்ற சொல் உள்ள வரிகளைத் தேடி, உரியவரிடம் எந்தக் கருவி பயன்படுத்தினார் என்று கேளுங்கள். புட்டி குடும்பம் என்றால் நீக்கிவிட்டு ஈடி25519 சாவி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு அறிகுறிகளில் எதுவாக இருந்தாலும், சர்வரில் பிறருடைய தனிப்பட்ட விவரங்கள் இருந்தால் சட்டமும் வருகிறது. மொரீசியஸின் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மீறல் தெரிந்த பிறகு தாமதமின்றி, இயன்றவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு லாக் வேண்டும், லாக்கோ நாள்பட்டால் தானாக அழிந்துவிடும். ஆகவே எதையும் திருத்தத் தொடங்குமுன் எஸ்எஸ்எச்டி லாக், மென்பொருளின் லாக், ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பு, டேட்டாபேஸின் சாவி அட்டவணை நான்கையும் நகலெடுத்து வேறு கணினியில் வையுங்கள். எந்தக் கைரேகை, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த ஐபியிலிருந்து, எந்த ரெபாசிட்டரிகளைத் தொட்டது என்ற நான்கும் அவற்றிலிருந்து எடுத்துவிடலாம்.